தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடையில் வாங்கிய மிளகாய் வற்றலின் விதைகளைத் தொட்டியில் தூவினேன். முளைத்த சில நாற்றுகளும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன. காரணம் என்ன?
(வாசகி, மதுரை)

பதில்: கடை வற்றல் எவ்வளவு காலம் மூட்டையில் கிடந்தது என்பது தெரியாததால், அதன் முளைப்புத் திறனை நம்ப இயலாது. செடியிலேயே பழுத்த பழத்திலிருந்து எடுத்து நிழலில் உலர்த்திய விதையே நல்லது. நாற்றுகள் சாய்ந்தது நாற்றழுகல் நோயால். நெருக்கமாக விதைத்து ஈரம் தேங்கவிட்டால் மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் தண்டைத் தாக்கும். மக்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணம் கலந்த விதையைக் குழிக்கு ஒன்றாக அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். 35 முதல் 40 நாள் வயதில் மாலை வேளையில் நடலாம்.

கேள்வி: மிளகாய்ச் செடியில் இலைகள் சுருள்கின்றன, பூக்களும் உதிர்கின்றன. வைரஸ் நோய் என்று சொல்லி, பிடுங்கிவிடும்படி கூறுகிறார்கள். பிடுங்கத்தான் வேண்டுமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். சுருளும் திசையை முதலில் பாருங்கள். இலை விளிம்புகள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்திருந்தால், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேன் காரணம். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டிருந்தால், பூச்சியாக அல்லாமல் சிலந்தி இனத்தைச் சேர்ந்த சிலந்திப்பேன் காரணம். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் கிடைத்த மருந்தைத் தெளிப்பதால்தான் பல செடிகள் வீணாகின்றன. பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்குச் சிலந்திப்பேன் கட்டுப்படாது, அதன் இயற்கை எதிரிகளே மடியும். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் கடும் வெயிலிலும், எண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள்ளும் அதைத் தெளித்தால் இலை கருகும். இலைகள் மிகச் சிறுத்துக் கொத்தாகி, நரம்புகள் வெளிறி, செடியே குட்டையாக நின்றால் மட்டும் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, அந்தச் செடியை மட்டும் அகற்றுங்கள்.

பூ உதிர்வதற்கு உங்கள் ஊரின் கோடையே பெரும் காரணமாகலாம். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பிஞ்சு பிடிப்பது குறையும். நண்பகலில் நிழல்வலை கட்டி, மண்ணைச் சருகு அல்லது வைக்கோலால் மூடாக்கிட்டுச் சீராக நீர் விடுங்கள். யூரியாவை மிகுதியாக இட்டால் இலைதான் செழிக்கும்.

நட்ட சுமார் 75 நாளில் பச்சைக்காய் பறிக்கலாம். அடிக்கடி பறித்தால் புதிய பூக்கள் தொடரும். விதைக்கென ஆரோக்கியமான செடியில் சில காய்களைப் பழுக்க விடுங்கள். அருகில் வேறு ரகமிருந்தால் தேனீக்களால் கலப்பு நேருமாதலால், அச்செடியைப் பூக்கும் முன்பே வலையால் மூடிவிடுங்கள்.