பல்கலைக்கழக நூலகங்களின் பழைய நூல்களைப் பாதுகாக்கப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆண்டு ஒதுக்கீட்டின் பெரும்பகுதி புதிய நூல்களுக்கும் இதழ்ச் சந்தாக்களுக்குமே போய்விடுவதால், பாதுகாப்புப் பணி பெரும்பாலும் வெளி நல்கைகளையே நம்பியிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா அரும்பாடுபட்டுத் திரட்டிய தமிழ் நூல்கள், இதழ்களின் தொகுப்பை, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆயினும் அதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக்கி, அமெரிக்க அரசின் மானுடப் புலங்களுக்கான நிதியத்தின் உதவியுடன் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுத்தது. தமிழுக்கு இது பெரும் பேறு.

படமெடுப்பது ஒருமுறைச் செலவு. மரக்கூழில் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாளோ, தன்னுள் இருக்கும் அமிலத்தால் பழுப்பேறி, ஓரத்தை மடித்தாலே ஒடிந்து உதிரும். அதற்குக் குளிர்பதனமும் அமில நீக்கமும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஆண்டுதோறும் வேண்டும். நல்கைகளோ காலவரையறை உடையவை. ஆகவே நன்கொடையை முதலாக வைத்து, அதன் வட்டியை மட்டும் செலவிடும் நிரந்தர வைப்புநிதியே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.