பொம்பெய் இடிபாடுகளை ஒரே நாளில், வரலாறு புரியும்படி பார்ப்பது எப்படி?

ஒரு நாள் போதும். ஆனால் முழுவதையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். இத்தாலியில் உள்ள இந்தப் பழைய ரோமானிய நகரம் சுமார் 66 ஹெக்டேர்; அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை.

முதலில் ஒன்று. பொம்பெய் எரிமலைக் குழம்பில் மூழ்கவில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த முதல் நாள் கொட்டியது நுரைக்கல் (எரிமலை கக்கும், துளைகள் நிறைந்த கல்) மழை. அந்தப் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. மறுநாள் காலை கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாய்ந்து வந்து, மிச்சம் இருந்தவர்களைக் கொன்றன. சுவர் நிற்க, மாடி இல்லாத வீடுகளை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். பொம்பெயின் ‘தப்பியோடியோர் தோட்டத்தில்’ உருவங்களாகக் கிடக்கும் 13 பேரும் நுரைக்கல் அடுக்குக்கு மேலே கிடைத்தவர்கள். அதாவது, முதல் நாள் பிழைத்திருந்தவர்கள். உடல்கள் கல்லாகிவிட்டதாகப் பலரும் சொல்வது தவறு. இறுகிய சாம்பலுக்குள் உடல் மக்கி உண்டான பள்ளத்தில் ஜிப்சம் சாந்து ஊற்றி எடுத்த வார்ப்புகள் அவை. 1863-இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி தொடங்கிய முறை. வார்ப்புக்குள் எலும்புகள் அப்படியே இருக்கின்றன.

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தில் சொரென்டோ போகும் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, ‘பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’ நிலையத்தில் இறங்குங்கள். பொம்பெய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் இருப்பதால் முழுப் பெயரையும் பாருங்கள். வெளியே வந்தால் போர்த்தா மரீனா வாசல் பக்கத்திலேயே. நாளுக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயர் போட்டுத் தருகிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

நகரின் மையச் சதுக்கமான மன்றத்தைப் (Forum) பார்த்துவிட்டு அபொந்தான்சா தெரு வழியாக ஆம்ஃபிதியேட்டர் வரை நடந்தால் நல்லது. தெருவைக் கடக்கப் போட்ட மேடைக்கற்களையும், அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தையும் குனிந்து பாருங்கள். முச்சந்தித் தொட்டிகளின் விளிம்பில், தண்ணீர் குடிக்கக் கை ஊன்றிய இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். பெரிய மாளிகைகளைவிட எனக்கு இவைதான் முக்கியம். வெயில் காலத்தில் நிழலே கிடைக்காது. பாவுகற்களும் சமமாக இருக்காது. பிடிப்புள்ள ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

சிறந்த ஓவியங்கள் பலவும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. பொம்பெயின் ‘ஃபான் வீடு’ (House of the Faun) என்ற மாளிகையின் தரையில் நீங்கள் காணும் அலெக்சாந்தர் மொசைக் நகல்தான். 1938-இல் பொம்பெயில் கிடைத்த இந்திய யானைத்தந்தப் பெண் சிலையும் அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததே. முடிந்தால் முந்தைய நாளே அங்கே போய்விடுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை.