காட்டு மனிதனைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்? — கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் மூன்று பேர், அவர்களைப் பின்தொடரும் எட்டடி உயரக் காட்டு மனிதன். அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் பிக்ஃபூட் மாதிரிதான். மாறுவேடக் கடையில் கொரில்லா உடை வாடகைக்கு எடுத்து, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 40 விநாடி சோதனையாக எடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எடிட்டிங்கில் கேமரா ஆட்டம் சேர்த்தோம், படத்தை இருட்டாக்கினோம், சிரிப்பு இன்னும் கூடியது. கிராஃபிக்ஸுக்குப் பணமில்லை. பிக்ஃபூட்டை நேரில் எடுத்ததாகச் சொல்லும் 1967ஆம் ஆண்டுப் பாட்டர்சன் படத்தில் இருப்பதும் ஓர் உடைதான் என்கிறார்கள். அது மட்டும் எப்படி இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது? கடைசிக் காட்சியில் மிருகம் கல்குவாரித் தண்ணீரில் இறங்கி மூழ்கி மறைவதாக எழுதியிருக்கிறோம். சோதனைத் துண்டையும் திரைக்கதையில் இரண்டு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்.,
திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

துண்டைப் பார்த்தேன். சிரித்தவர்கள் மேல் தப்பில்லை. மிருகம் மரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது, நடுவில் நிற்கிறது, கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி உறுமுகிறது. அது எங்கே வந்து நிற்கும் என்று கேமராவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்துவிட்டால் பார்ப்பவன் கண் நேரே ஜிப் எங்கே என்று தேடப் போய்விடும்.

இந்த வகைப் படத்தில் பயம் சாட்சியிடமிருந்து வருகிறது. யாரோ எதையோ அரைகுறையாகப் பார்த்திருக்கிறார், சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும், இருந்தும் சொல்கிறார். உங்கள் கேமரா அந்த ஆளாக மாற வேண்டும். உடையைப் பிறகு பார்ப்போம்.

பாட்டர்சன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967 அக்டோபர் 20, வட கலிஃபோர்னியாவில் பிளஃப் க்ரீக் ஓடைக்கரை, பட்டப்பகல், 16 மி.மீ. கோடக் கேமரா. மொத்தம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதில் உடை போட்டு நடந்தவன் நான்தான் என்று பாப் ஹெய்ரோனிமஸ் என்பவர் பின்னாளில் சொன்னார். படமெடுத்த ரோஜர் பாட்டர்சன் 1972ல் இறக்கும்வரை அது அசல் என்றே சொன்னார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். உடை என்றே வைத்துக்கொண்டு, ஏன் வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் படம் கன்னாபின்னாவென்று ஆடுகிறது, ஏனென்றால் எடுப்பவர் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் நின்றதும் ஆட்டம் அடங்குகிறது. ஆட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் மென்பொருளில் சேர்த்த ஆட்டம் முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை ஒரே அளவில் ஆடுகிறது. மனிதக் கை அப்படி ஆடாது. அடுத்தது, அந்த உருவம் ஒருமுறைகூடக் கேமராவை நோக்கி வரவில்லை. படம் தொடங்கும்போதே போய்க்கொண்டிருக்கிறது. புகழ்பெற்ற 352ஆம் சட்டத்தில் (ஃப்ரேமில்) திரும்பிப் பார்க்கிறது. அதுவும் நிற்காமல், தலையும் தோளும் சேர்ந்து திரும்ப, நடந்துகொண்டே. மேய்கிற மாடு வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான். உறுமல் இல்லை. உங்கள் துண்டில் அந்த உறுமலை வெட்டினாலே பாதிச் சிரிப்பு போய்விடும்.

இனி அளவுகள். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. லென்ஸ், 16:9 சட்டம் என்றால், 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஆறடி ஆள் சட்ட உயரத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு வருவார். அது போதும். 15 மீட்டரில் அவரே இரண்டு மடங்காவார். உடையின் தையல் தெரியத் தொடங்குவது அங்கேதான். ஆகவே 25 மீட்டருக்குள் மிருகத்தை முழு உருவமாக எடுக்காதீர்கள். அருகில் எடுத்தால் ஒரு தோள், ஒரு முன்கை, இலைக்கு நடுவில் முதுகு, அதற்கு மேல் வேண்டாம். படத்தை இருட்டாக்குவதும் உதவாது. பகலில் எடுத்ததை இருட்டாக்கினால் வானம் சாம்பல் நிறமாகி, எதையோ மறைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். காலை வெயில் மரத்துக்கு நடுவே விழும் இடத்தில், உருவத்தை நிழலில் நடக்கவிட்டு, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி எக்ஸ்போஷர் வையுங்கள்.

எட்டடி என்று எழுதியிருக்கிறீர்கள், நடிப்பவர் ஆறடி. இதற்கு, சிறிய மாதிரிகளைப் பெரிதாகக் காட்டிப் படமெடுத்த பழைய மினியேச்சர்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. உயர விகிதத்தின் வர்க்கமூலத்தால் சட்ட வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை சட்டம் என்பதை, பெருக்க வேண்டும். எட்டை ஆறால் வகுத்தால் 1.33, அதன் வர்க்கமூலம் 1.15. எடிட்டிங் டைம்லைன் விநாடிக்கு 25 சட்டம் என்றால் சுமார் 29ல் எடுக்க வேண்டும். கேமராவில் 30 இருக்கும், அதையே வையுங்கள். காலடி கொஞ்சம் தாமதமாக விழும், உடம்புக்கு எடை வந்துவிடும். இதற்கு மேல் போனால் ஸ்லோமோஷன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். ஒன்று, 30ல் எடுத்த துண்டைச் சும்மா டைம்லைனில் இழுத்துப் போட்டால் மென்பொருள் விநாடிக்கு ஐந்து சட்டத்தை உதறிவிட்டுப் பழைய வேகத்திலேயே ஓட்டும். துண்டின் பண்பில் (ப்ராப்பர்ட்டீஸில்) போய் 25 என்று மாற்றி, எல்லாச் சட்டமும் ஓடும்படி செய்ய வேண்டும். இரண்டு, அதே ஷாட்டில் மனிதர் யாராவது இருந்தால் அவரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நடப்பார். மிருகத்தைத் தனியாக எடுங்கள்.

இந்த வேகச் சங்கதி சின்ன விஷயமல்ல. பாட்டர்சன் கேமரா எந்த வேகத்தில் ஓடியது என்பதே இன்றுவரை தீராத சண்டை. லண்டனில் உடல் இயக்கவியல் ஆய்வாளர் டான் கிரீவ் அந்த நடையை அளந்து பார்த்தார். 24 சட்டத்தில் எடுத்திருந்தால் சாதாரண மனித நடை, 16 அல்லது 18 என்றால் மனித நடையிலிருந்து விலகியது என்று எழுதினார். ஒரே ஃபிலிம், எட்டே சட்ட வித்தியாசம்!

நடையை நடிகருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி: முழங்காலை எப்போதும் கொஞ்சம் மடக்கியே வைத்து நடக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நடக்கும் மனிதத் தலை ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும். மடக்கி நடந்தால் மிதந்து போகும். அவர் தலைமட்டத்துக்கு ஒரு கயிறு கட்டி அதன் கீழே பத்து மீட்டர் நடக்கவிடுங்கள். தலை கயிற்றில் இடிக்காமலும் அதைவிட்டு இறங்காமலும் போக அரை நாள் பழக வேண்டும். தொடை வலிக்கும், சொல்லிவைத்துவிடுங்கள்.

உடைக்கு வருவோம். வாடகைக் கொரில்லாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பைஜாமா மாதிரித் தொங்குகிறது; அக்குளிலும் கால் கவட்டையிலும் பை விழுகிறது. கண்ணுக்கு முதலில் படுவது அந்தப் பைதான். உடம்பை ஒட்டிய லைக்ரா ஆடை ஒன்று வாங்கி, அதன்மேல் தோள், முதுகு, தொடை, பின்கழுத்து ஆகிய இடங்களில் ஓரங்குல ஃபோம் வெட்டி ஒட்டுங்கள், ஓரங்களைச் சரிவாகச் சீவி. கழுத்து இருக்கவே கூடாது. தலை தோளிலிருந்தே எழ வேண்டும். அதன்மேல் ஃபர் துணி. பொம்மை தைப்பவர்கள் வாங்கும் துணிதான், 60 அங்குலப் பன்னாவில் 5 மீட்டர் எடுத்தால் ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும். முடி படியும் திசை எல்லாத் துண்டிலும் கீழ்நோக்கி இருக்கும்படி வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு ஓரம் மொட்டையாகிவிடும். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்க நெசவை மட்டும் பிளேடால் கீறுங்கள். தைத்த பிறகு மடிப்புக்குள் மாட்டிய முடியை ஊசியால் வெளியே எடுத்து வாரிவிட்டால் தையல் மறையும்.

புது ஃபர் துணி மினுமினுக்கும், எங்கும் ஒரே நீளமாக இருக்கும். மிருகத்துக்கு அப்படி இருக்காது. முழங்கால், முழங்கை, உட்காரும் இடம், மார்பு நடுவில் குட்டையாக வெட்டுங்கள். தோளிலும் முன்கையிலும் நீளமாக விடுங்கள். நீர்த்த துணிச் சாயத்தை இரண்டு மூன்று பழுப்பு நிறங்களில் அடித்து, காய்ந்ததும் செம்மண்ணில் புரட்டுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரைச் சூட்டில் வைக்காதீர்கள், அக்ரிலிக் நுனி பொசுங்கிச் சுருண்டுவிடும், திரும்ப நேராகாது. முகமூடியின் கண் ஓட்டைக்குள் தெரியும் தோலுக்குக் கறுப்பு மேக்கப் போடாமல் விடாதீர்கள். உங்கள் துண்டில் அந்த வெள்ளை வளையம் 30 அடியிலிருந்தே தெரிகிறது. உள்ளே இருப்பவர் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பக்கத்திலேயே ஒருவர் தண்ணீரும் விசிறியுமாக நிற்கட்டும். தலை சுற்றுகிறது என்று உள்ளிருந்து சொன்னால் வெளியே கேட்காது, கையால் காட்ட ஒரு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தை அருகில் காட்டி ஜெயித்த பிக்ஃபூட் படமும் உண்டு. 1987ல் வந்த ‘ஹாரி அண்ட் த ஹெண்டர்சன்ஸ்’. ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கருக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த முகம் அது. உடைக்குள் ஏழடிக்கு மேல் உயரமான கெவின் பீட்டர் ஹால், முகத் தசைகளை வெளியிலிருந்து ரேடியோவில் இயக்கினார்கள். ஆனால் அது குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கும் படம். முகம் தெரிந்துவிட்ட மிருகத்தின்மேல் நமக்குப் பாசம் வந்துவிடுகிறது.

உங்களுக்கு மாதிரியாக வேண்டியது 1972ல் வந்த ‘த லெஜண்ட் ஆஃப் பாகி க்ரீக்’. ஆர்கன்சாவில் ஃபவுக் என்ற சின்ன ஊர். 1971ல் அங்கே ஒரு குடும்பம், மயிர் அடர்ந்த கை ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே நீண்டது என்று புகார் சொன்னது. விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் பி. பியர்ஸ் கடன் வாங்கி, ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து, ஆவணப்படம் மாதிரி எடுத்தார். சுமார் ஒன்றரை லட்சம் டாலர் செலவு, வசூல் இரண்டு கோடி டாலருக்கு மேல். மிருகம் பெரும்பாலும் புதருக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல்தான். அதே பியர்ஸ் அதே மிருகத்தை வைத்து 1985ல் இன்னொரு படம் எடுத்து, தானே பேராசிரியராக நடித்து, மிருகத்தையும் நன்றாகவே காட்டினார். அதைக் கடைசியில் தொலைக்காட்சியில் ஒரு கேலி நிகழ்ச்சிக்குத் தீனியாக்கினார்கள். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

முதல் படத்தில் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கவனியுங்கள். உங்கள் திரைக்கதையில் காவலாளி, “அது மனிதனுமல்ல, மிருகமுமல்ல! அதன் கண்கள் நெருப்பாக எரிந்தன!” என்கிறார். உண்மையில் பார்த்தவன் இப்படிப் பேசமாட்டான். அவன் முதலில் தெரிந்த ஒன்றின் பெயரைத்தான் சொல்வான். அமெரிக்காவில் கேட்டால், கரடி என்றுதான் நினைத்தேன் என்பார்கள். உங்கள் காவலாளி இப்படிச் சொல்லட்டும்: “நான் மாடுன்னுதாங்க நெனச்சேன். அவுத்துக்கிட்டு வந்துருச்சோன்னு ‘ஹோ’ன்னு கூப்பிட்டேன். நின்னுச்சு. அப்புறம் எந்திரிச்சுச்சு.” கடைசி வார்த்தையோடு நிறுத்திவிடுங்கள். மிருகத்தின் கண், பல், நகம் எதுவும் வேண்டாம். அவன் கையில் அப்போது என்ன இருந்தது, டார்ச்சில் பேட்டரி இருந்ததா, இது மாதிரி உபயோகமில்லாத விவரம் ஒன்று சேர்த்தால் இன்னும் நம்புவோம்.

கூடாரக் காட்சியை நீங்கள் எட்டு ஷாட்டாகப் பிரித்திருக்கிறீர்கள். ஒன்றாக எடுக்கலாம். பிளஃப் க்ரீக் பக்கமே எடுத்த ‘வில்லோ க்ரீக்’ என்ற 2013ஆம் ஆண்டுப் படத்தில், கூடாரத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து வெளியே கேட்கும் சத்தத்தைக் கேட்பது வெட்டே இல்லாமல் சுமார் 19 நிமிடம் ஓடுகிறது. மிருகம் கண்ணில் படுவதே இல்லை. உங்களுக்கு நாலு நிமிடம் போதும். சில்வண்டுச் சத்தம் மெல்லக் குறையக்கூடாது, சட்டென்று நிற்க வேண்டும். பக்கத்தில் ஏதாவது நகர்ந்தால் பூச்சிகள் அப்படித்தான் நிறுத்தும். மிருகக் குரலுக்கு இணையத்துச் சிங்க உறுமல் வேண்டாம், எல்லாருக்கும் காதில் பழகியது. 1933ல் கிங்காங்குக்கு சிங்கம், புலிக் குரல்களைத் தலைகீழாகவும் மெதுவாகவும் ஓட்டினார்கள். 1954ல் காட்ஜில்லாவுக்குத் தளர்த்திய பெரிய பாஸ் வாத்தியத் தந்தியைத் தோல் கையுறையால் தேய்த்தார்கள். எருமை, கழுதை, கதவுக் கீல், எது கிடைத்தாலும் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டுங்கள். 48ல் பதிந்ததைப் பாதியாக்கினால் மேல் சுருதிகள் போய், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும்.

கடைசியாகத் தண்ணீர். இதை எழுதியபடி எடுக்காதீர்கள். ஃபோம் மிதக்கும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குடித்துக் கனக்கும். முதலில் ஆளைக் குப்புறத் தள்ளும், பிறகு கீழே இழுக்கும். 1954ல் வந்த ‘கிரீச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்’ படத்தில் மிருக உடையோடு நீருக்கடியில் நீந்திய ரிக்கோ பிரவுனிங், நிமிடக்கணக்கில் மூச்சடக்கப் பழகியவர். சட்டத்துக்கு வெளியே காற்றுக் குழாயோடு ஆட்கள் காத்திருந்தார்கள், இடம் ஃபுளோரிடாவின் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஊற்று. தண்ணீரில் ஆளில்லாத பொம்மைக்கே நிலைமை மோசம்தான். இயக்குநர் பில்லி வைல்டர் தன் ஷெர்லக் ஹோம்ஸ் படத்துக்கு, ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் நெஸ்ஸி என்ற மிருகத்தின் சுமார் 30 அடி நீளப் பொம்மையை அங்கேயே மிதக்கவிட்டார். முதுகுத் திமில்கள் பிடிக்கவில்லை, எடுக்கச் சொன்னார். அவற்றோடு மிதவைத் திறனும் போயிற்று. 1969ல் இழுத்துப் போகும்போது மூழ்கியது. 2016ல் ஏரித்தரையை ஆராய்ந்த நீரடி ரோபோதான் அதை மறுபடி கண்டது.

குவாரிக் குட்டை அதைவிட மோசம். ஓரத்திலேயே கிடுகிடு ஆழம், அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. கரையில் ஈரக் காலடித் தடம், நடுவில் விரியும் வட்ட அலை, இரண்டு ஷாட் போதும். தடத்துக்கு ஃபோம் பாதத்தை மணலில் அழுத்தினால் ஆழம் வராது. பலகையில் பாதத்தை வெட்டி அதன்மேல் ஆள் ஏறி நிற்க வேண்டும். இரண்டு தடத்துக்கு நடுவில் ஐந்தடி இடைவெளி விடுங்கள். அலைக்கு, பத்துக் கிலோ மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கரையிலிருந்து ஒருவர் எறிந்தால் சரி. விழுந்த தெறிப்பை வெட்டிவிட்டு, அலை விரியத் தொடங்கிய பிறகு ஷாட்டை ஆரம்பியுங்கள்.