கடல் அரிக்கும் என்றால் சுவர் கட்டித் தடுத்துவிட முடியாதா?

சேலத்துக்காரர் நீங்கள், ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரிக்கு வடக்கே கடலோரமாக மனை வாங்கும் யோசனை, அதனால்தான் இந்தக் கேள்வி என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அஸ்தம்பட்டிக்காரன்தான்.

முடியும், ஆனால் அரிப்பு பக்கத்து ஊருக்குப் போய்விடும். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் அதை ஆண்டு முழுவதும் நகர்த்துகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைக் கொட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் தேய்ந்தது. புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகம் கட்டியபின் நகரத்தின் முன்னிருந்த மணற்கரை போய், கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. கல் போட்ட இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்த மீனவக் குப்பங்கள் மாட்டிக்கொண்டன. நீங்கள் மனை பார்ப்பதும் அந்த வடக்குப் பக்கம்தான்!

சில இடங்களில் விட்டுக்கொடுப்பதுதான் வழி. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை மறுபடி ஊராக்கவில்லை.

ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தைத் தாக்கும் என்பது மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குப் புதிதா என்ன? 2024ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரி அருகே, மண் சரிந்தது ஏற்காடு மலைப்பாதையில். சரி, வாங்கியே தீருவது என்றால் உள்ளே தள்ளி வாங்குங்கள். அதற்கு முன், இருபது வருடத்துக்கு முன்னால் கரை எங்கே இருந்தது என்று அங்குள்ள மீனவர்களிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.