அழிப்பானைப் பூட்டி வையுங்கள்: ஓவியக் கேள்வி பதில்

மயிலாப்பூரில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் எதையாவது பிடுங்கி வைத்துக்கொள்பவன் என்று எனக்குப் பெயர்: ஒரு நாள் அழிப்பான், ஒரு நாள் வண்ணம், ஒரு நாள் நேரம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கல்லூரி மாணவி, நங்கநல்லூர்: ஐயா, 48 வண்ணங்கள் உள்ள நீர்வண்ணப் பெட்டி வாங்கினேன். எந்தப் படமும் கடைசியில் சேறாகிவிடுகிறது. வேறு பெட்டி வாங்கட்டுமா?

வேண்டாம். 45 வண்ணங்களை அலமாரியில் வைத்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் மூன்றும் போதும். மாலையில் கபாலி கோயில் குளக்கரையில் போய் உட்காருங்கள். நீலமும் சியன்னாவும் கலந்தால் சாம்பல். நீலம் தூக்கலானால் படிக்கட்டின் நிழல். சியன்னா தூக்கலானால் வெயில் பட்ட கல். தண்ணீரைக் குறைத்துக் குழைத்தால் கிட்டத்தட்டக் கறுப்பே வந்துவிடும். நீலத்தோடு ஓக்கர் சேர்ந்தால் மங்கிய பச்சை. குளத்துத் தண்ணீருக்கு அதைவிடப் பொருத்தமான பச்சை கடையில் கிடைக்காது. கோபுரத்தின் பல வண்ணங்களை என்ன செய்வது என்பீர்கள். விட்டுவிடுங்கள். வெளிச்சமும் நிழலுமாகப் பார்க்கும்போதுதான் அதன் உருவம் பிடிபடும்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் தம் உருவப்படங்கள் பலவற்றை ஓக்கர், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கைக் கொண்டே தீட்டினார். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல், கண்ணுக்கு நீலமாகத் தெரியும். 48 வைத்திருப்பவருக்கு இந்த வித்தை தேவைப்படாததால் தெரியாமலே போய்விடும்.

மென்பொருள் ஊழியர், வில்லிவாக்கம்: வரைய நேரமே இல்லை. மின்சார ரயிலில் போகும் நேரம்தான் மிச்சம்.

அதுவே தாராளம். பால்பாயிண்ட் பேனா, சின்ன நோட்டு. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓர் ஆள். பெரம்பூரில் அவர் இறங்கிவிட்டால் படமும் முடிந்தது. முகம் வேண்டாம், முதுகும், கம்பியைப் பிடித்த கையும் போதும். முதல் பத்து நாள் நோட்டை யாருக்கும் காட்டமாட்டீர்கள்.

இல்லத்தரசி, மேற்கு மாம்பலம்: முப்பது வருடமாகக் கோலம் போடுகிறேன். ஓவியம் கற்க வந்தால் அடியிலிருந்து தொடங்க வேண்டுமா?

அம்மா, சிக்குக் கோலத்தின் விதிகளைப் பாருங்கள். கோடு புள்ளியைத் தொடக்கூடாது, சுற்றி வரவேண்டும். எந்தப் புள்ளியும் விடுபடக்கூடாது. தொடங்கிய இடத்துக்கே வந்து மூடவேண்டும். கையிலிருந்து விழுந்த மாவுக்கு அழிப்பானும் கிடையாது. இவ்வளவு கறாரான பயிற்சியை நான் எந்த வகுப்பிலும் கொடுத்ததில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களில் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணமாகவே, அதாவது வடிவங்களைப் பிறப்பிக்கும் விதிகளாகவே, ஆராய்ந்தார்கள்.

இடுக்குப் புள்ளி 7-லிருந்து 4 வைத்து, ஒரு வாரம் அதே புள்ளிகளில் தினம் வேறொரு கோலம் போடுங்கள். நான்காம் நாள் தெரிந்தவை தீர்ந்துவிடும். ஐந்தாம் நாள் போடுவதை எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

எழுத்தாளர், திருவான்மியூர்: விதி போட்டால் கற்பனை செத்துவிடாதா?

சில சமயம் சாகும். உதடு ஒட்டாமல் பாடவேண்டும் என்ற விதியில் எழுதிய நிரோட்டகச் செய்யுள்களைப் படிக்கும்போது புலவரின் திறமைக்குத்தான் முதலில் தலையாட்டுகிறேன். கவிதை பிறகுதான் வருகிறது. குறள் வெண்பாவுக்கும் ஏழு சீர் என்ற கட்டு உண்டு, ஆனால் அங்கே சீரை எண்ண நமக்குத் தோன்றுவதில்லை.

நானே ஒருமுறை ஒரு மாதம் இடக்கையால் மட்டும் வரைந்தேன். மணிக்கட்டு வலித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. என் பலவீனம் கையில் இருக்கவில்லை. எல்லாவற்றையும் நிழல் தீட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். நிழலே கூடாது, கோடு மட்டும் என்று வைத்தபோதுதான் என் கோடு எவ்வளவு சோனி என்று தெரிந்தது. நீங்கள் எதன் பின்னால் ஒளிகிறீர்களோ அதை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது உரிச்சொல்லாக இருக்கலாம்.

ஒரு தாய், அண்ணாநகர்: என் மகனுக்கு ஐந்து வயது. அவனுக்கு என்ன கட்டுப்பாடு வைக்கலாம்?

ஒன்றும் வேண்டாம். சுவரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.