அப்பா துப்பாக்கி யாருக்கு? தென்னாப்பிரிக்கா வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இதே விஷயம்தான். அதனால கார் லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் அடுத்த தடவ பாப்போம்.

அப்பா போன மாசம் தவறிட்டாரு. அவரோட ரிவால்வர் லைசென்ஸை என் பேருக்கு மாத்த எந்த ஃபார்ம்? (டொங்காட்)

அப்படி ஒரு ஃபார்மே கிடையாது. லைசென்ஸ் அப்பாவோட போச்சு, துப்பாக்கி மட்டும்தான் சொத்து. நீங்க கடையில புதுசா வாங்குற ஆளு மாதிரி முதல்லேர்ந்து வரணும்: ட்ரெய்னிங், காம்பிடென்சிக்கு (துப்பாக்கி வச்சுக்க தகுதி இருக்குங்கற சர்ட்டிஃபிகேட்) 517-ம் நம்பர் போலீஸ் ஃபார்ம், அது கையில வந்தப்புறம் லைசென்ஸுக்கு 271-ம் நம்பர் ஃபார்ம். கூட டெத் சர்ட்டிஃபிகேட், அப்பாவோட ஒரிஜினல் கார்டு, மாஸ்டர் ஆபீஸ் (இறந்தவங்க சொத்த கவனிக்கிற அரசு ஆபீஸ்) லெட்டர், 'இந்த துப்பாக்கி இவருக்குத்தான்'னு எக்ஸிக்யூட்டர் (சொத்த பிரிச்சுக் குடுக்க பொறுப்பான ஆளு) கையெழுத்து போட்ட லெட்டர். சொத்து ரெண்டரை லட்சம் ராண்டுக்குள்ளன்னா மாஸ்டர் ஆபீஸ்ல லெட்டர் ஆஃப் அத்தாரிட்டியே குடுத்துடுவாங்க, வேலை கொஞ்சம் சுலபம்.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு அம்மா சொல்றாங்க, அதுவரைக்கும் துப்பாக்கி அலமாரியிலதான் இருக்கு. 2021 ஜூலை கலவரத்துல நாங்க பட்டபாடு உங்களுக்குத் தெரியும், வீட்ல ஒண்ணு இருந்தா தைரியமா இருக்கு. லைசென்ஸ் வர்ற வரைக்கும் வச்சுக்கலாமா? (ஃபீனிக்ஸ்)

வச்சுக்கக் கூடாது. இதையே எத்தனை தடவதான் எழுதுறது!

தம்பி, பயம் எனக்கும் புரியுது. அந்த ஜூலைல கடையெல்லாம் எரிஞ்சுது, போலீஸ் கண்ணுலயே படல, ராத்திரி பூரா தெருமுனையில ஆம்பளைங்க காவல் நின்னாங்க, எல்லாம் சரி. ஆனா அந்த வாரத்துல உங்க ஊர் பக்கம் மட்டும் முப்பது பேருக்கு மேல செத்தாங்க, அதையும் சேத்து ஞாபகம் வச்சுக்கோங்க. அப்புறம் போலீஸ் வந்து துப்பாக்கிங்கள எடுத்துட்டுப் போயி பாலிஸ்டிக் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. அந்த மாதிரி நேரத்துல உங்க கையில இருக்கிறது செத்துப்போனவர் பேர்ல உள்ள துப்பாக்கின்னா நீங்க சுட்டீங்களா இல்லையாங்கறதே ரெண்டாவது கேள்வி. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்ததுக்கே 15 வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். 'அப்பாவோடது சார்'னு சொன்னா கோர்ட்டுல எடுபடாது.

இன்னொண்ணு, அலமாரின்னு எழுதியிருக்கீங்க. சேஃப் கூட இல்லையா? துக்க வீட்டுல பதினாறு நாளும் ஆளுங்க வந்துட்டும் போயிட்டும் இருப்பாங்க, சமையலுக்கு ஒருத்தர், ஷாமியானா போட ஒருத்தர், பசங்க ஒவ்வொரு ரூமா ஓடும். அங்கேயா பூட்டாத அலமாரியில துப்பாக்கி? திருடு போனா 24 மணி நேரத்துல ரிப்போர்ட் பண்ணணும், அப்ப என்னன்னு சொல்லுவீங்க?

செய்ய வேண்டியது இதுதான். இறந்த மறுநாளே, காரியத்துக்கு காத்திருக்காம, ஸ்டேஷன்ல டி.எஃப்.ஓ-வுக்கு (துப்பாக்கி விஷயத்த பாக்குற போலீஸ் ஆபீசர்) இல்லன்னா லைசென்ஸ் உள்ள ஒரு டீலருக்கு போன் போடுங்க, எப்படி எடுக்கணும்னு அவங்களே சொல்லுவாங்க. நீங்களா கார் டிக்கியில போட்டு ஓட்டிட்டுப் போகாதீங்க. டீலர் ஸ்டோரேஜுக்கு மாசாமாசம் ஏதோ கொஞ்சம் வாங்குவாரு, அத எஸ்டேட் செலவுல போடலாம். பத்திரமா வைக்க வேண்டிய பொறுப்பு எக்ஸிக்யூட்டரோடது, மூத்த பிள்ளையோடது இல்ல. ரசீது வாங்காம யாருகிட்டயும் குடுக்காதீங்க, சீரியல் நம்பர் எழுதின ரசீது.

என்கிட்ட 13-ம் பிரிவுல (தற்காப்பு லைசென்ஸ்) ஒரு பிஸ்டல் இருக்கு. அப்பாவோட ரிவால்வர், கரும்புத்தோட்டத்துல வச்சிருந்த ஷாட்கன் ரெண்டும் எனக்கு வருது. முடியுமா? (ஸ்டாங்கர்)

13-ல ஒண்ணுதான், அது நிரம்பிடுச்சு. ரெண்டையும் 15-ம் பிரிவுல கேக்கலாம், அதுல ஹேண்ட்கன் (பிஸ்டல், ரிவால்வர் மாதிரி) ஒண்ணுக்கு மேல கூடாது, 13-ஐயும் சேத்து மொத்தம் நாலு. ஆனா 15 வேட்டைக்கும் ஷூட்டிங்குக்கும்தான். ரேஞ்ச் பக்கமே போகாத ஆளா இருந்தா மோட்டிவேஷன்ல (ஏன் வேணும்னு எழுதுற லெட்டர்) கதை எழுதாதீங்க, ரிஜெக்ட் ஆகும். ஆனா அப்பீல் போர்டுக்குப் போக 90 நாள் இருக்கு.

மதுரையில இருக்கிற மாமா, வாரிசுக்கு லைசென்ஸ் கிடைக்கும்னு சொல்றாரு.

அங்க சட்டம் வேற. மாமாகிட்ட கல்யாண விஷயம் கேளுங்க, இத கேக்காதீங்க.

எவ்வளவு நாள் ஆகும்? அவசரம்.

என்ன துப்பாக்கி, எந்த பிரிவு, காம்பிடென்சி இருக்கா, எக்ஸிக்யூட்டர் யாரு, எதுவும் எழுதல. அவசரம்னு மட்டும் எழுதத் தெரியுது. மாசக்கணக்குல ஆகும். வெயிட் பண்ணுங்க, துப்பாக்கி டீலர்கிட்ட இருக்கட்டும்.

அப்பா பெட்டியில முன்னூறு தோட்டா இருக்கு. (லெனேஷியா)

ஒரு துப்பாக்கிக்கு 200-தான் கணக்கு, டீலரா இல்லன்னா டெடிகேட்டட் ஆளா (அந்த அந்தஸ்து வாங்கின வேட்டைக்காரர், ஷூட்டர்) இருந்தாதான் அதுக்கு மேல. உங்களுக்கு லைசென்ஸே இல்லையே, ஒண்ணு கூட வச்சுக்கக் கூடாது. துப்பாக்கியோட சேத்து குடுங்க, எண்ணிக் குடுங்க, ரசீதுல எண்ணிக்கை வரணும்.

உயில்ல மக பேரு. அவளுக்கு 19.

21 ஆகணும். சட்டத்துல விதிவிலக்கு இருக்கு, ஆனா வலுவான காரணம் வேணும், அப்பா செல்லம்ங்கறது காரணம் இல்ல. அதுவரை டீலர்கிட்ட ஸ்டோரேஜ், இல்லன்னா வித்து காச அவ பேர்ல போடுங்க.

சுடவே போறதில்ல, அப்பா ஞாபகமா ஹால்ல மாட்டி வைக்கணும். (மேர்பேங்க்)

இந்த மாதிரி கேக்கறவங்களதான் எனக்குப் பிடிக்கும். டீஆக்டிவேட் (சுட முடியாத மாதிரி ஆக்குறது) பண்ணுங்க, கன்ஸ்மித் பண்ணிட்டு சர்ட்டிஃபிகேட் தருவாரு. அத போட்டோ பின்னாடியே ஒட்டி வைங்க, கேக்கறவங்களுக்கு காட்டலாம். ஒரு தடவ பண்ணிட்டா திரும்ப பழைய மாதிரி ஆகாது, தம்பி தங்கச்சிங்கள கேட்டுட்டு செய்யுங்க, பின்னாடி சண்டை வரும்.

தாத்தா 2008-ல போயிட்டாரு. இப்பதான் பழைய ட்ரங்க் பெட்டியில ஒரு பிஸ்டல் கிடைச்சுது. பேப்பர் எதுவும் இல்ல. (வெருலம்)

தொடாதீங்க, சுத்தம் பண்ணாதீங்க, வாட்ஸ்அப்ல போட்டோ போடாதீங்க. 2021 ஜனவரி 31-ல முடிஞ்ச பொதுமன்னிப்புல ஒப்படைச்சிருந்தா ஒரு தலைவலியும் இல்ல. இப்ப முதல்ல ஒரு வக்கீல், அவர் மூலமா ஸ்டேஷன். ரூமைப் பூட்டி சாவிய கையில வச்சுக்கோங்க. கிடைச்ச தேதிய எழுதி வைங்க, கூட இருந்தவங்க பேரையும்.

அப்பாவோட ஏர்கன்னுக்கும் இதெல்லாம் உண்டா?

புறா விரட்டுற சாதாரண ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணாம். பசங்க கைக்கு எட்டாம வைங்க, அவ்வளவுதான்.