'நிரூபிக்கப்பட்ட திட்டம்' என்று விற்க வருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் சின்ன டிரஸ்ட் ஒன்று நடத்துகிறோம். 14 ஊர்களில் மாலை நேர மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது, அடுத்த தை, வைகாசிக்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. பெற்றோரில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டி வீட்டில். ஓசூர் நிறுவனம் ஒன்று ஓராண்டுக்கு 12 லட்சம் சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற பணம்) தருவதாகச் சொல்கிறது. ஆய்வில் நிரூபிக்கப்பட்ட திட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கன்சல்டன்ட் ஒருவர் 12 அமர்வு கொண்ட வாழ்க்கைத்திறன் திட்டத்தைக் காட்டி, பயிற்சிக்கும் உரிமத்துக்கும் சேர்த்து 4 லட்சம் கேட்கிறார். முப்பது நாடுகளில் நடக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: 4 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

முப்பது நாடுகளில் நடக்கிறது என்றால் முப்பது நாடுகளில் விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாட்டிலாவது பிள்ளைகள் வாழ்க்கையில் எதையாவது மாற்றியதா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டால் உடனே ஒரு வண்ணப் படம் காட்டுவார்கள்: பயிற்சிக்கு முன்னால் 40 மதிப்பெண், பின்னால் 80. இந்தப் படத்தைக் கண்டு மயங்கிய டிரஸ்ட்டுகளை நான் எண்ணி முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு வருஷத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கொஞ்சம் விவரம் வரும். அமர்வு நடத்துகிற அக்கா கேட்டால் அக்காவுக்குப் பிடித்த பதிலைச் சொல்லவும் தெரியும். மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய வருஷத்தில் தூர் வாரிய காண்ட்ராக்டர் பேர் வாங்கிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். திட்டம் நடந்த ஊரையும் நடக்காத ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 'இல்லை' என்றால் நிரூபணம் இல்லை. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அப்படியே ஒப்பிட்டிருந்தாலும், எது மாறியது என்று பாருங்கள். உங்கள் கவலை கல்யாண வயசு. அவர்கள் அளந்தது தன்னம்பிக்கையா, கல்யாணமா?

இதற்கு ஒரு நல்ல உதாரணம் வங்கதேசத்தில் இருக்கிறது. அந்த நாட்டின் தெற்கில் 400-க்கும் மேற்பட்ட ஊர்களில் இரண்டு விஷயங்களைச் சோதித்தார்கள். சில ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் வாழ்க்கைத்திறன் வகுப்பு. வேறு சில ஊர்களில் 15 முதல் 17 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 4 லிட்டர் சமையல் எண்ணெய். இன்னும் சில ஊர்களில் இரண்டும். வகுப்பு மட்டும் நடந்த ஊர்களில் கல்யாண வயசு அசையவில்லை. எண்ணெய் கொடுத்த ஊர்களில் பதினெட்டுக்கு முந்தைய கல்யாணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கல்யாண முடிவை எடுப்பது பெண் அல்ல, வீடு. வீட்டின் கணக்கை மாற்றாமல் பெண்ணுக்கு மட்டும் தைரியம் சொல்லி அனுப்பினால், அவள் தைரியமாக அழுதுகொண்டு மணவறைக்குப் போவாள்.

அதற்காக எண்ணெய் டின் வாங்க ஓடாதீர்கள். நம் ஊரில் வீட்டுக் கணக்கை மாற்றுகிற திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. திருமண உதவி என்று கொடுத்துவந்த பணத்தை 2022-ல் அரசு புதுமைப்பெண் என்று மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் மேற்கொண்டு கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணுக்கு அது எட்டாது. ஆக, பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கிற வரைக்குமான அந்தச் சில வாரங்கள்தான் உங்கள் களம். அப்போது வீடு வீடாகப் போகிற ஆள், மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தருகிற ஆள், எந்த விடுதியில் இடம் இருக்கிறது, எத்தனை மணி பஸ் என்று சொல்கிற ஆள் இருந்தால், 12 அமர்வை விட அது பெரிது. இதை எந்த கன்சல்டன்டும் உங்களுக்கு விற்க மாட்டார். உரிமக் கட்டணம் வைக்க அதில் இடம் இல்லை.

பாட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு, பெரியவர்களையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைக்கிற குடும்பத் திட்டம் வேண்டும் என்றால் இலவசமாகவே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணைநின்று உருவான 'பேரன்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்' கையேடுகள் இணையத்தில் இருக்கின்றன. லாப நோக்கமில்லாமல் பயன்படுத்தக் காசு கேட்பதில்லை. வளரிளம் பருவத்துக்கான 14 அமர்வுத் திட்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் 40 இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் அடி உதை குறைந்தது. நடத்தியவர்களும் பெரிய டாக்டர்கள் அல்ல, உள்ளூர் ஆட்கள்தான். இதே மாதிரிக் கையேட்டுக்கு முகப்பை மட்டும் மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, உரிமம் என்று காசு கேட்ட ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன். உங்கள் கன்சல்டன்ட் அப்படி என்று சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

சரி, நல்ல திட்டமே கிடைத்தது என்று வையுங்கள். யார் நடத்துவது? பீகாரில் நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களை வைத்தும், சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்திய சாதாரண ஆலோசகர்களை வைத்தும் நடத்தினார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குள் வம்பு குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. எமிஸ் என்கிற பள்ளித் தகவல் இணையதளத்தில் விவரம் ஏற்றவே நம் ஊர் ஆசிரியர்களுக்கு நேரம் போதவில்லை. 'ஹெச்.எம்மிடம் பேசிவிட்டேன், ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று யாராவது சொன்னால் அந்தத் திட்டத்துக்குப் பால் ஊற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் இதில் சூடு பட்டவன்தான். அரூர் பக்கம் ஒரு திட்டத்துக்கு, ஓட்டலில் ஐந்து நாள் பயிற்சி, ஆளுக்கொரு பை, சான்றிதழ் என்று அமர்க்களமாகத் தொடங்கினோம். எட்டு மாதத்தில், அமர்வு நடத்தப் பயிற்சி பெற்ற இருபது பெண்களில் பதினாறு பேர் ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். போனது நல்லதுதான், சம்பளம் அங்கே இரண்டு மடங்கு. ஆனால் பயிற்சிக்குச் செலவழித்த பணம் அவர்களோடு பஸ் ஏறிப் போனது. அதிலிருந்து நான் பிடிவாதமாகச் சொல்வது: பயிற்சிக்கு ஒரு ரூபாய் என்றால், அப்புறம் வாரா வாரம் கூட உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு மூன்று ரூபாய். அமர்வில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, 'இன்றைக்கு நீயே பேசிக்கொண்டிருந்தாய், பிள்ளைகள் பேசவில்லை' என்று சொல்கிற ஒரு மூத்த ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம் என்று எழுதினால் நிதி தருபவர் 'நிர்வாகச் செலவு அதிகம்' என்று சிவப்பு மையில் சுழிப்பார். ஃப்ளெக்ஸ் பேனருக்கு எழுதினால் கேள்வியே கேட்கமாட்டார். என்ன செய்ய?

கையேட்டை நம் ஊருக்குத் தக்க மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாற்றாதீர்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் எல்லாரும் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். மொழி, பெயர், கதை, நேரம் ஆகியவற்றை மாற்றலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகளிடம் புத்தகத் தமிழில் நடத்தினால் சுவரிடம் பேசுவதாக இருக்கும். அங்கே தெலுங்கிலேயே நடத்துங்கள். ஆனால் போனில் மொழிபெயர்த்ததை வைத்து நடத்தாதீர்கள், அந்த ஊர் அக்கா ஒருத்தியை உட்காரவைத்து வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். கதையில் வருகிறவர் கடற்கரைக்குப் போனால், நீங்கள் ஒகேனக்கலுக்கு அனுப்புங்கள். மாங்காய் அறுவடையில் ஆள் வராது என்றால் அமர்வை ஆடிக்குத் தள்ளுங்கள், பெங்களூர்க்காரர்கள் பொங்கலுக்கு ஊர் வரும்போது பெற்றோர் அமர்வை வையுங்கள். இதெல்லாம் சரி. 14 அமர்வை நான்காக்குவது, வீட்டில் செய்து பார்க்கச் சொல்கிற பயிற்சியை விட்டுவிடுவது, நடித்துக் காட்டுகிற இடத்தில் சொற்பொழிவு ஆற்றுவது, இதெல்லாம் சரியில்லை. புளியை மாற்றலாம், அதற்காகக் குழம்பில் பருப்பே போடாமல் இருக்க முடியாது. எது புளி, எது பருப்பு என்று உங்கள் கன்சல்டன்ட்டைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவர் திட்டத்தை விற்கிறாரே தவிர, நடத்தியதில்லை.

இடையில் ஒன்று. பிள்ளைகள் வாய் திறந்து பேசினால் பயங்கரமான விஷயங்களும் வெளியே வரும். நாளை மறுநாள் கல்யாணம் என்றால் கையேட்டை மூடிவைத்துவிட்டுக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கவேண்டும், மாவட்ட சமூகநல அலுவலருக்கும் சொல்லவேண்டும். பாலியல் குற்றம் என்றால் தகவல் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். முதல் அமர்வுக்கு முன்பே அமர்வு நடத்துகிற உங்கள் பெண்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

இனி பணம். ஓராண்டு நிதி என்பது இந்தத் துறையின் சாபக்கேடு. ஏப்ரலில் பேசி, செப்டம்பரில் செக் வந்து, மார்ச்சுக்குள் செலவழித்து யூசி (பணம் செலவானதற்கான சான்றிதழ்) கொடு என்பார்கள். ஒரு பெண் பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு போக இரண்டு வருஷம் ஆகும், இவர்கள் கணக்கில் மட்டும் ஆறு மாதத்தில் பதினெட்டு வயசாகிவிடும். ஆனால் சிஎஸ்ஆர் விதிகளில் தொடர் திட்டம் என்று ஒன்று உண்டு. தொடங்கும் நிதியாண்டு போக மூன்று நிதியாண்டு வரைக்கும் நீட்டலாம், செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கலாம். நிறுவனத்து ஆட்களிடம் இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். தெரிந்தும் தெரியாதமாதிரி இருப்பவர்கள் உண்டு. நிதி வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று நடுவில் ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் டிரஸ்ட்டின் வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் சரியாக இருந்தால் நேராகவே பேசலாம்.

14 ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஊர்ப் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி ஏழு ஊர்களை எடுங்கள். அவற்றில் இந்த வருஷம், மீதி ஏழில் அடுத்த வருஷம். யாருக்கும் மறுக்கவில்லை, முறை வைத்துத் தருகிறீர்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பெண்கள் பெயரை இரண்டு பக்கமும் இப்போதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஜூன் முப்பதாம் தேதி எத்தனை பேர் பதினொன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எண்ணுங்கள். ஏழு ஏழு ஊரை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஆனால் அந்த இரண்டு எண்களும் நிறுவனத்தின் முன்னால் வைக்கிற ஆயிரம் போட்டோவைவிட மேல்.

அந்த 4 லட்சத்தில் மேற்பார்வைக்கு ஒரு மூத்த ஆளை மாதம் 18,000 சம்பளத்தில் போட்டால் வருஷத்துக்கு 2,16,000. மீதியில் எந்தப் பெண் வேலையை விட்டுப் போனாலும் உடனே நிறுத்த இரண்டு கூடுதல் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், மே மாத வீட்டுச் சந்திப்புக்குப் பஸ் செலவும் தேறும். இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போங்கள். கன்சல்டன்ட்டைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்.